கவா: தானோவாவில் குடிப்பதா, நகமாலில் குடிப்பதா, மாத்திரையாக விழுங்குவதா?

பசிபிக் தீவுகளின் வேர்ப் பானமான கவாவைக் குடித்துப் பார்க்கலாமா, குடித்தால் எந்த வடிவத்தில் குடிப்பது என்ற கேள்வி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கிற நம்மவர்களிடமிருந்து இப்போது அடிக்கடி வருகிறது. 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியா கவாவை வியாபாரத்துக்காக இறக்குமதி செய்ய மறுபடி வழிவிட்ட பிறகு, சிட்னியின் மேற்குப் பக்கத்து ஃபிஜிக் கடைகளில் கண்ணில் படுகிற இடத்திலேயே பொட்டலம் பொட்டலமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஃபிஜிக்கு விடுமுறை போகிறவர்கள் கேட்கிறார்கள், ராத்திரி தூக்கம் வராதவர்கள் கேட்கிறார்கள், குடியை விட்டுவிட்டு அந்த இடத்தில் இதை வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கிறார்கள். இந்த மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் அது யாருக்கும் உதவாது, ஏனென்றால் கவா என்ற ஒரே பெயரில் விற்கிற பச்சை வேர், காய்ந்த வேர், பொடி, உடனடிப் பொடி, மாத்திரை எல்லாம் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல வேர், குளிர்ந்த தண்ணீர், கூட உட்கார நாலு பேர், இந்த மூன்றும் இருந்தால் கவா அருமையான பானம். தனியாக உட்கார்ந்து, மனப்பதற்றத்துக்கு மருந்து என்று நினைத்து மாத்திரையாக எடுப்பது வேறு காரியம், அதை டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைத்தான் இனி விவரமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் செடி. கவா நமக்கு அந்நியமான குடும்பத்துச் செடி இல்லை. மிளகு, வெற்றிலை, திப்பிலி மூன்றும் எந்தப் பேரினமோ அதே பைப்பர் பேரினம்தான், அறிவியல் பெயர் பைப்பர் மெத்திஸ்டிகம். இலையைப் பார்த்தால் அந்த உறவு தெரியும், இதய வடிவத்தில் அகலமாக இருக்கும். ஆனால் கொடியாகப் படராது, கணுக்கணுவாகப் புதராக நிற்கும். இதில் ஒரு வியப்பான விஷயம், இந்தச் செடி விதை வைப்பதில்லை. தண்டை வெட்டி நட்டால்தான் உண்டு. வனுவாட்டு தீவுகளில் காட்டுச்செடி ஒன்றிலிருந்து மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய பயிர் இது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. அங்கிருந்து ஃபிஜி, டோங்கா, சமோவா, ஹவாய் வரைக்கும் கவா போனதென்றால், படகில் யாரோ ஒருவர் தண்டு காயாமல் பார்த்துக்கொண்டு கொண்டுபோனார் என்று அர்த்தம். பசிபிக் முழுக்க இது பரவிய விதமே மனிதக் கைகளால்தான்.

குடிப்பது வேரையும் அடிக்கட்டையையும்தான். இலையும் தண்டுத்தோலும் சேரக் கூடாது, அவற்றில் இருக்கும் வேறு வகை வேதிப்பொருள்கள் ஈரலுக்கு ஆகாது என்ற சந்தேகம் இருக்கிறது. வேரில் இருக்கிற சரக்குக்குக் கவாலாக்டோன் என்று பெயர், முக்கியமானவை ஆறு. இவை தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால்தான் கவாவை டிக்காஷன் மாதிரி வடிய விட்டால் போதாது, கையால் பிசைந்து பிழிய வேண்டும். நொதிக்க வைப்பதும் இல்லை, சாராயச் சத்தும் இல்லை. குடித்த ஒரு நிமிடத்துக்குள் நாக்கும் உதடும் மரத்துப்போகும், நம் நாட்டு மருந்துக்கடை அக்கரகாரத்தை மென்றால் வருமே அந்த மாதிரி. பிறகு கால் மணி, அரை மணி நேரத்தில் தோள், கழுத்து, தாடை எல்லாம் தளர்ந்துகொடுக்கும். புத்தி தெளிவாகவே இருக்கும், ஆனால் எதற்கும் அவசரம் இருக்காது. நிறையக் குடித்தால் கால் தள்ளாடும், தூக்கம் கண்ணைக் கட்டும். முதல் முறை குடிப்பவர்களில் பலருக்கு வாய் மரத்ததைத் தவிர ஒன்றுமே தெரியாது. அதைப் பார்த்து ஏமாந்து அன்றைக்கே அளவைக் கூட்டாதீர்கள், சில முறை குடித்த பிறகே பலருக்குப் பிடிபடும்.

சரி, ஃபிஜிக்கு வருவோம், அங்கேதான் நம்மவர்கள் அதிகம் போகிறார்கள். ஃபிஜியில் இதன் பெயர் யங்கோனா, பேச்சில் க்ரோக். காய்ந்த வேரை இடித்துப் பொடியாக்கி, துணியில் கட்டி, தானோவா என்ற கால் வைத்த அகலமான மரத்தொட்டியில் தண்ணீர் விட்டுப் பிசைகிறார்கள். கலங்கிய சாம்பல் பழுப்பு நிறத்தில் இருக்கும். தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு கொடுப்பார்கள், அந்தச் சிரட்டைக்கு பிலோ என்று பெயர். சடங்கு முறையில் நடக்கும்போது தானோவாவில் கட்டிய தேங்காய் நார்க் கயிற்றை, அதில் கோர்த்த வெள்ளைச் சோழிகளோடு, தலைவர் இருக்கும் பக்கமாக நீட்டி வைப்பார்கள். முதல் சிரட்டை தலைவருக்கு. உங்கள் முறை வந்தால் ஒருமுறை கையைக் குவித்து ஆழமாகத் தட்டி, புலா என்று சொல்லி, சிரட்டையை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, மறுபடி மூன்று முறை தட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டு உட்காருவது அங்கே வழக்கமில்லை. அளவு குறைவாக வேண்டுமென்றால் லோ டைட், நிறைய வேண்டுமென்றால் ஹை டைட் என்று சொன்னால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கிராமத்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. செவுசெவு என்று ஒரு முறை இருக்கிறது. வந்திருக்கிறேன், உங்கள் மண்ணில் கால் வைக்க அனுமதி வேண்டும் என்று கேட்டு யங்கோனா வேரைத் தலைவர் முன்னால் வைப்பதுதான் அது. இதற்குப் பொடிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். முழு வேரைக் கட்டாகக் கட்டி, காகிதத்தைச் சுற்றி, நாடா வைத்து விற்பார்கள், அரைக் கிலோ கட்டு என்றால் மரியாதையாக இருக்கும். சுவா நகரச் சந்தையில் மாடிக்கு ஏறினால் யங்கோனாவும் மசாலா சாமான்களுமாக வரிசையாக விற்பார்கள், நாண்டியிலும் லவுட்டோக்காவிலும் சந்தையில் கிடைக்கும். கேட்டு வாங்க இரண்டு பெயர் தெரிந்தால் போதும்: பக்கவாட்டில் ஓடும் மெல்லிய வேர் வாக்கா, அடிக்கட்டை லெவேனா. வாக்காவில் சரக்கு அதிகம், விலையும் அதிகம். செவுசெவுவுக்கு வாக்காதான். தொப்பி, கூலிங் கிளாஸ் எல்லாம் கழற்றிவிட்டுத் தோளும் முழங்காலும் மூடிப் போய்ச் சம்மணம் போட்டு உட்காருங்கள், தானோவா பக்கம் காலை நீட்டாதீர்கள். இதெல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பெரியவர்கள் முன்னால் எப்படி உட்காருவோமோ அப்படித்தான்.

ஃபிஜியில் யங்கோனா இல்லாமல் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. கல்யாணம், சாவு, வீடு கட்டுவது, தகராறு தீர்ப்பது எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குத் தீங்கு செய்துவிட்டால், திமிங்கலப் பல்லையோ யங்கோனாவையோ எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. கவாவின் மருத்துவ குணம் என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். பேச்சு வார்த்தை அறுந்துபோன இரண்டு பேரை ஒரே பாயில் உட்காரவைத்து, உடம்பைத் தளர்த்தி, குரலைத் தணித்து, ராத்திரி முழுக்கப் பேச வைக்கிற பானம் அது. அந்த வேலையை எந்த மாத்திரையாலும் செய்ய முடியாது.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஃபிஜிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 60,000-க்கும் மேல். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தெற்கத்தி மக்களும் போனார்கள், வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து நிறையப் பேர். அவர்கள் பேரப்பிள்ளைகள் வீட்டில் இன்றைக்குத் தமிழ் பெரும்பாலும் ஃபிஜி இந்திக்கு வழிவிட்டுவிட்டது, ஆனால் நாண்டி சிவசுப்பிரமணியர் கோயிலும் 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கமும் அதன் பள்ளிக்கூடங்களும் நிலைத்து நிற்கின்றன. மண்ணின் மக்களிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட வழக்கங்களில் முதலாவது க்ரோக்தான். மேற்கு சிட்னியில் ஃபிஜித் தமிழர் வீட்டுக்குச் சாயங்காலம் போனால் டீயோடு நிற்காது, பிளாஸ்டிக் வாளியிலோ தானோவாவிலோ கலக்கி வைத்துவிட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்கும். காரசாரமாக வறுத்த பட்டாணி, கடலை ஒரு தட்டில் பக்கத்தில் இருக்கும். கவாவை முதன்முதலாகக் குடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன், ஏனென்றால் எவ்வளவு கலக்குவது, எப்போது போதும் என்று நிறுத்துவது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள்.

வனுவாட்டு வேறு உலகம். அங்கே பெரும்பாலும் காயவைப்பதில்லை, அன்றைக்குப் பிடுங்கின பச்சை வேரைக் கழுவி, தோல் சீவி, அரைத்துப் பிழிந்து உடனே கொடுக்கிறார்கள். அதன் வீரியம் ஃபிஜியில் குடிப்பதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு அதிகம். குடிக்கிற இடத்துக்கு நகமால் என்று பெயர். போர்ட் விலா நகரத்தில் சாயங்காலம் ஆனால் தெருத்தெருவாகச் சின்ன விளக்கு தொங்கும், விளக்கு எரிந்தால் கவா தயார் என்று அர்த்தம். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எச்சிலைத் துப்பிவிட்டு, வாய்க் கசப்புக்கு ஒரு துண்டு பழமோ வேறு ஏதாவதோ கடித்துக்கொண்டு, இருட்டில் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். வெளிச்சம் கம்மி, பேச்சும் கம்மி. கவா ஏறினவர்களுக்கு வெளிச்சமும் சத்தமும் கண்ணுக்கும் காதுக்கும் கூசும், அதனால்தான். கைத்தட்டலும் பாட்டும் கதையுமாக இருக்கிற ஃபிஜிக் கூட்டத்துக்கு நேர் எதிர்.

வனுவாட்டுவின் தானா தீவில் இன்னும் பழைய முறை இருக்கிறது. இளைஞர்கள் வேரை வாயில் போட்டு மென்று, இலையில் துப்பி, தண்ணீர் விட்டு நார் வழியாக வடிகட்டித் தருவார்கள். ஆலமர நிழலில் இருக்கும் அந்த இடத்துக்குக் கவா நேரத்தில் பெண்கள் வரக் கூடாது என்பது அவர்கள் விதி. அது எனக்கு உடன்பாடில்லை, ஆனால் விருந்தாளியாகப் போய் அதை உடைக்கப் பார்ப்பதும் சரியில்லை. பெண்கள் குடித்துப் பார்க்க விரும்பினால் போர்ட் விலா நகமால்களில் தடை எதுவும் பெரிதாக இல்லை, ஃபிஜியிலும் இப்போது பெண்கள் சாதாரணமாகக் குடிக்கிறார்கள்.

ஃபிஜியா வனுவாட்டுவா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், முதல் தடவை ஃபிஜி, பழகினவர்களுக்கு வனுவாட்டு. நகமாலுக்கு முதல் நாளே போகிறீர்கள் என்றால் சின்னக் கிண்ணம் ஒன்று, இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு வேண்டுமென்றால் இன்னொன்று, அதோடு நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் குடித்தால்தான் ஏறும் என்று மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் வருவது அங்கத்தி வழக்கம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் குமட்டல்தான் மிஞ்சும். பச்சை வேரின் தரத்தில் வனுவாட்டுவை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் தரம் என்று நான் சொல்வது அவர்கள் உயர்குடி ரகம் என்று பிரித்து வைத்திருப்பதை. இன்னொரு வகை இருக்கிறது, டூடே என்பார்கள், குடித்தால் இரண்டு நாளைக்குத் தலை பாரமும் குமட்டலும் விடாது. 2002-ல் வனுவாட்டு கொண்டுவந்த கவா சட்டம் உயர்குடி ரகங்களை மட்டும்தான் ஏற்றுமதி செய்யலாம் என்று பெயர் போட்டுப் பட்டியலிட்டது. பெந்தகோஸ்து தீவின் போரோகு அந்தப் பட்டியலில் பேர்போன ரகம்.

டோங்காவும் சமோவாவும் சடங்கில் இன்னும் இறுக்கம். டோங்காவில் கவா பிறந்த கதையே மனதைப் பிசைகிறது. பஞ்ச காலத்தில் தங்கள் தீவுக்கு வந்த அரசனுக்குப் படைக்க ஒன்றும் இல்லாத ஏழைத் தம்பதி, தொழுநோய் கண்ட ஒரே மகளை வெட்டிச் சமைத்தார்கள். தெரிந்துகொண்ட அரசன் சாப்பிடாமல், அவளைப் புதைக்கச் சொல்லிவிட்டான். புதைத்த இடத்தில் தலைமாட்டில் ஒரு செடி, கால்மாட்டில் ஒரு செடி. ஒன்று கவா, மற்றது கரும்பு. ஒரு எலி கவாவைக் கடித்துத் தள்ளாடி, கரும்பைக் கடித்துத் தெளிந்ததைப் பார்த்துத்தான் இதன் பயன் தெரிந்ததாம். அரசன், குடிமக்கள், தியாகம், கசப்பு, இனிப்பு எல்லாம் ஒரே கதையில் இருக்கிறது. மைக்ரோனீசியாவின் போன்பேய் தீவில் தட்டைக் கருங்கல்லில் பச்சை வேரை நசுக்கி, மரப்பட்டை நாரில் சுற்றி முறுக்கிப் பிழிவார்கள், கொழகொழவென்று வரும், அங்கே அதன் பெயர் சக்காவ். இந்த ஊர்களுக்கெல்லாம் போகக் கிடைத்தால் போங்கள், ஆனால் முடிவெடுப்பதற்கு இவை பெரிதாக மாற்றம் செய்யாது.

இனி வீட்டில் குடிக்கிறவர்கள். கடையில் மூன்று வகை இருக்கும். சாதாரணப் பொடி, நைஸாக அரைத்த பொடி, உடனடிப் பொடி. சாதாரணப் பொடியைத் துணிப்பையில் போட்டுப் பிசைந்தால்தான் இறங்கும், சக்கை பையிலேயே தங்கிவிடும். நைஸ் பொடியில் சக்கையும் சேர்ந்து அரைபட்டிருக்கும், அப்படியே கலக்கிக் குடிக்கலாம் என்று விற்பார்கள், ஆனால் அந்த நார் வயிற்றுக்குள் போய்ப் பலருக்குப் புரட்டும். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. உடனடிப் பொடி என்பது வேரைத் தண்ணீரில் பிழிந்து, அந்தச் சாற்றைக் காயவைத்தது, சக்கை இருக்காது, விலைதான் கூடுதல். நேரமில்லாதவர்களுக்கு அது சரி. நேரம் இருந்தால் சாதாரணப் பொடிதான். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று ஆரம்பித்து, குளிர்ந்த அல்லது லேசான வெதுவெதுப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் பையைப் பிசையுங்கள். கொதிக்கிற தண்ணீர் விடாதீர்கள். வேரில் பாதிக்குக் கிட்டத்தட்ட மாவுச்சத்து, கொதிநீர் பட்டால் கஞ்சி மாதிரி ஆகி ஒன்றும் பிழிய வராது. பால், இஞ்சி, தேன் என்று கலக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. கசப்பை மறைக்க வேறு வழி தேடுவதைவிட மூக்கைப் பிடிக்காமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஒரு துண்டு அன்னாசி கடிப்பது மேல்.

பொட்டலத்தில் நாலு விஷயம் பாருங்கள்: எந்த நாடு, எந்த ரகம், வேர் மட்டும்தானா, எவ்வளவு வயதுச் செடி. குறைந்தது மூன்று வருடமாவது வளர்ந்திருக்க வேண்டும். உயர்குடி ரகம் என்று எழுதாத பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் ரகம் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது, பொடியை அசிட்டோனில் ஊறவைத்தால் நல்ல ரகம் மஞ்சளாகத் தெளியும், டூடே ஆரஞ்சு நிறத்துக்குப் போகும். சோதித்ததைக் குடிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விற்கிற பொட்டலத்தில் அளவோடு பயன்படுத்தவும், தூக்கம் வரலாம் என்ற இரண்டு வரிகளும் இருக்க வேண்டும் என்பது உணவுத்தர விதி. அந்த வரி இல்லாமல் ஒருவர் விற்றால் மற்ற விதிகளையும் அவர் பார்த்திருக்க மாட்டார். 2020-ல் உலக உணவுத்தர அமைப்பான கோடெக்ஸும் வட அமெரிக்கா, தென்மேற்குப் பசிபிக் வட்டாரத்துக்கென்று, தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் கவாவுக்கு ஒரு தரம் வகுத்தது. கவனியுங்கள், தண்ணீரில் கலக்கிக் குடிப்பதற்கு. மாத்திரைக்கு இல்லை.

மாத்திரைக்கு இப்போது வந்துவிட்டோம், இதில்தான் பெரிய குழப்பம். தீவுகளில் கவா எப்போதும் மருந்தாகவும் இருந்தது. தூக்கமின்மை, உடம்புவலி, தலைவலி, சிறுநீர்க் கடுப்பு இவற்றுக்கெல்லாம் கொடுத்தார்கள், ஹவாயில் உழைத்துக் களைத்து வந்தவர்கள் தசை தளரக் குடித்தார்கள். ஐரோப்பியர்கள் பிடித்துக்கொண்டது சிறுநீர்க் கடுப்பை. 1886-லேயே ஜெர்மானிய மருந்தியல் அறிஞர் லூயிஸ் லெவின் கவாவைப் பற்றித் தனி நூல் எழுதினார். 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கவாச் சாற்றையும் சந்தன எண்ணெயையும் சேர்த்து கோனோசான் என்ற மருந்து வெட்டை நோய்க்கு விற்றது. ஆன்டிபயாட்டிக் வந்ததும் அது போய்விட்டது. 1990-களில் மனப்பதற்றத்துக்கு என்று கவா மாத்திரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அமோகமாக ஓடியது. பிறகு ஈரல் பாதித்த செய்திகள் வந்தன. சிலருக்கு ஈரல் மாற்று சிகிச்சையே தேவைப்பட்டது. 2002-ல் ஜெர்மனி தடை போட்டது, அதே வருடம் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது, பிரிட்டன் 2003-ல் விற்பனையைத் தடுத்தது. ஃபிஜி, வனுவாட்டு, சமோவா விவசாயிகளின் பிழைப்பு ஒரே வருடத்தில் சரிந்தது.

ஆயிரக்கணக்கான வருடங்களாகக் குடித்த மக்களுக்கு வராதது, மாத்திரை விழுங்கினவர்களுக்கு ஏன் வந்தது? உலக சுகாதார நிறுவனம் 2007-ல் இதை விரிவாகப் பார்த்தது. மாத்திரைகள் பெரும்பாலும் தண்ணீரில் பிழிந்தவை அல்ல, சாராயத்திலோ அசிட்டோனிலோ இறக்கிய சாறு. வேரோடு தண்டுத்தோலும் மலிவு ரகங்களும் கலந்திருக்கலாம், பூஞ்சை பிடித்த சரக்காக இருந்திருக்கலாம், கூடவே மதுவும் வேறு மருந்துகளும் எடுத்தவர்கள் இருந்தார்கள். எது முழுக் காரணம் என்று ஒற்றை விரலை நீட்ட முடியவில்லை. 2014-ல் ஜெர்மன் நீதிமன்றம் அந்தத் தடை முறையல்ல என்று தீர்ப்பளித்தது, ஆனால் அதோடு கட்டுப்பாடுகள் முடிந்துவிடவும் இல்லை. தண்ணீரில் பிழிந்ததுதான் முற்றிலும் பத்திரம் என்றும் நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஆபத்தின் எடை மாத்திரைப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் சமமாக இல்லை.

சரி, மாத்திரை வேலையாவது செய்கிறதா? 2013-ல் ஆஸ்திரேலியாவில் 75 பேரை வைத்து ஆறு வாரம் நடந்த சோதனையில் கவா எடுத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. அந்த நம்பிக்கையில், பெரும்பாலும் அதே ஆராய்ச்சியாளர்கள் 171 பேரை வைத்து 16 வாரம் நடத்திய பெரிய சோதனை 2020-ல் வெளியானது. அதில் நாட்பட்ட பதற்ற நோய்க்கு வெற்று மாத்திரையைவிடக் கவா மேல் என்று நிரூபிக்க முடியவில்லை, ஈரல் பரிசோதனை முடிவுகளில் கோளாறும் கவா எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. இணையத்தில் விற்பவர்கள் முதல் சோதனையை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள், இரண்டாவதைச் சொல்வதில்லை, அது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். பதற்றம் உங்கள் தூக்கத்தையும் வேலையையும் குடும்பத்தையும் பாதிக்கிற அளவுக்குப் போயிருந்தால் டாக்டரிடம் போங்கள். கவாவைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள், மறைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் மருந்தாக விற்கிற கவாவுக்கு ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம் கவாலாக்டோன் என்ற உச்சவரம்பு இருக்கிறது. டாக்டரே சரி என்று சொன்னால், அந்த வரம்புக்குள் இருக்கும், அங்கே பதிவு செய்த மாத்திரையை மட்டும் வாங்குங்கள்.

இவர்கள் எந்த வடிவத்திலும் தொடக் கூடாது: ஈரல் கோளாறு இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா எடுப்பவர்கள், அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரை எடுப்பவர்கள். தினமும் பாரசிட்டமால் விழுங்குகிறவர்களும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். மதுவோடு சேர்க்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் ஈரலுக்கும் ஆகாது, நிதானத்துக்கும் ஆகாது. குடித்த ராத்திரி வண்டி ஓட்டாதீர்கள். புத்தி தெளிவாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் கையும் காலும் தாமதமாகத்தான் வரும்.

மதுவுக்குப் பதில் கவா என்று கேட்கிறவர்களுக்கு ஆர்ன்ஹெம் லேண்டைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் வடகோடியில், குடியால் சிதைந்த பூர்வகுடிச் சமூகங்களுக்கு மாற்றாக இருக்கட்டும் என்று 1980-களில் கவா அறிமுகமானது. சடங்கும் அளவும் கூட வரவில்லை, பொடி மட்டும் வந்தது. சிலர் தீவுகளில் குடிப்பதைப் போலப் பல மடங்கு குடித்தார்கள், உடம்பு மெலிந்தது, தோல் மீன் செதில் மாதிரி உரிந்தது. ஃபிஜியிலும் அளவு மீறிக் குடிப்பவர்களுக்கு அந்தத் தோல் வரும், கனி என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆர்ன்ஹெம் லேண்டில் நிறுத்தியவர்களின் ஈரல் பரிசோதனை எண்களும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. அதனால் குடியை விட முயல்கிறவர் நண்பர்களோடு வாரத்தில் ஒரு ராத்திரி பீருக்குப் பதில் க்ரோக் குடித்தால் நான் சந்தோஷப்படுவேன். தினமும் ராத்திரி தனியாக வாளியோடு உட்காருவதென்றால் அது ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்ததுதான். கடுமையாகக் குடித்துப் பழகியவர் மதுவைத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்தாகலாம், அதற்கும் டாக்டர் வேண்டும். அவர் ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் என்பதால் கவா பற்றிய யோசனையை ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

தூக்கத்துக்காகக் கேட்கிறவர்களில் மேலே சொன்ன எந்தக் கோளாறும் மருந்தும் இல்லாதவர்கள், சாப்பாட்டுக்கு முன்னால் சாயங்காலம் ஒரு டம்ளர் பிழிந்து குடித்துப் பார்க்கலாம். வாரத்தில் ஓரிரு நாள், அதற்கு மேல் வேண்டாம். மஞ்சள் காமாலை அறிகுறி, அடர்நிறச் சிறுநீர், காரணமில்லாத அசதி, வலது விலா எலும்புக்குக் கீழே வலி இதில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனை செய்யுங்கள்.

ஃபிஜிக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. திரும்பும்போது வாங்கி வருவதென்றால் பொடி வேண்டாம், முழு வாக்கா வாங்குங்கள், பொடியில் எதைக் கலந்தார்கள் என்று கண்ணால் பார்க்க முடியாது, வேரில் முடியும். உடைத்தால் பட்டென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம், பூஞ்சை பிடிக்கும். முகர்ந்தால் மிளகு வாசம் தூக்கலாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு 18 வயதுக்கு மேற்பட்ட பயணி ஒருவர் நாலு கிலோ வரை பெட்டியில் கொண்டுவரலாம் என்று 2019 டிசம்பரில் விதியைத் தளர்த்தினார்கள், ஆனால் விமான நிலையத்தில் செடிப்பொருள் என்று அட்டையில் எழுதிக் காட்டித்தான் ஆக வேண்டும். புறப்படும் முன் அப்போதைய விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மற்ற நாடுகளுக்கு விதி நாட்டுக்கு நாடு வேறு, கேட்காமல் கொண்டுபோகாதீர்கள்.